அட்டவணை நான்கைக் காண்க

பக்கத்து வீட்டு முடிக்காரிக்கு மூன்று மாமியார்கள், இரண்டு நாத்தனார்கள், ஒரு பெரியத்தை. ஆறு பேரும் மரத்தால் ஆனவர்கள். கழுத்துக்குக் கீழே ஒன்றும் கிடையாது. முன் அறைச் சுவரை ஒட்டிய பலகையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். "எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மாமியாரை இங்கதான்க்கா பார்க்க முடியும்" என்று சொல்லிக்கொண்டே மூத்த மாமியாரின் மண்டையில் ஒரு குண்டூசியைக் குத்துவாள்.

விக் கட்டுவது அவள் தொழில். வருகிறவரின் தலையை அளந்து மெல்லிய வலைத் தொப்பி தைத்து, அதை மரத் தலையில் மாட்டி, கொக்கி வைத்த சின்ன ஊசியால் வலையின் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு மூன்று முடியாக இழுத்து முடிச்சுப் போட வேண்டும். ஒரு தலை முடிய ஒரு மாதத்துக்கு மேலாகும். சத்தமே இல்லாத வேலை. பக்கத்தில் உட்கார்ந்து நான் பேசிக்கொண்டிருப்பதுதான் அந்த அறையில் கேட்கும் ஒரே இரைச்சல்.

முதலில் அவள் நாடகக்காரர்களுக்கு விக் செய்யும் பட்டறை ஒன்றில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தாள். புருஷன் லாரி ஓட்டினார். தெருவில் எல்லாருக்கும் அவர் இன்றைக்கும் டிரைவர்தான். ஒரு நாள் சரக்கு ஏற்றுவதற்காக லாரியை நிறுத்திவிட்டு இறங்கியவர், இறங்கின இடத்திலேயே விழுந்து வெட்டி வெட்டி இழுத்தார். ஓட்டிக்கொண்டிருக்கும்போது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. அதோடு லைசென்ஸ் போயிற்று. வலிப்பு மட்டும் போகவில்லை. மாத்திரை சாப்பிட்டும் மாதத்தில் இரண்டு தடவையாவது வந்துவிடும்.

வருவதற்கு முன்னால் இடது கை விரல்கள் மரத்துப்போகும். அதற்குப் பிறகு அரை நிமிஷம் அவர் கையில் இருக்கும். அந்த அரை நிமிஷத்துக்குள் யாராவது வந்து அவரைத் தரையில் சாய்த்துப் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நின்ற இடத்திலிருந்து அப்படியே விழுவார். ஆறடி ஆள்.

அதற்காகத்தான் அவள் பட்டறையை விட்டு வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முன் அறையில் அவள், நடு அறையில் அவர், நடுவில் கதவில்லாத ஒரு நிலை. அரை நிமிஷத்தில் போய்ச் சேரும் தூரத்தில் இருப்பது என்பதுதான் அவள் வாழ்க்கையின் கணக்கு. கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதிவிட்டுத் திரும்பிவிடுவாள், சாவுக்குப் போனால் வாசலோடு சரி.

வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் பெண்கள். வைத்தியத்தில் முடி கொட்டியவர்கள், பிறவியிலேயே முடி இல்லாதவர்கள், திட்டுத் திட்டாக உதிர்ந்தவர்கள். எல்லாரும் தலையை மூடிக்கொண்டுதான் வருவார்கள். அவள் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் முக்காட்டை எடுக்கச் சொல்வாள். விக் தலையில் ஏறி, வாரி முடிந்த பிறகுதான் கண்ணாடி இந்தப் பக்கம் திரும்பும். அப்போது சில பேர் அழுவார்கள். நானும் உட்கார்ந்து ஓசியில் அழுவேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் அந்தத் தாள் வந்து விழுந்தது.

நகராட்சியிலிருந்து தெருவில் எல்லா வீட்டுக்கும் வந்த தாள்தான். மற்றவர்கள் அதை மடித்து அலமாரி ஆடாமல் காலடியில் சொருகிக்கொண்டார்கள். அவள் மட்டும் என்னிடம் எடுத்து வந்தாள். ஏனென்றால் நான் முப்பத்தோரு வருஷம் ஒரு ஆபீசில் டைப் அடித்தவள். சர்க்கார் தாளைப் பார்த்து மிரளாத ஒரே பிறவி என்று தெருவில் எனக்குப் பேர். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, ஒளிப்பானேன்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். "குடியிருப்புப் பகுதி என வகைப்படுத்தப்பட்ட தெருக்களிலுள்ள வீடுகளில், அட்டவணை நான்கில் கண்டவை நீங்கலாக, எவ்விதத் தொழிலோ வணிகமோ நடத்துதல் கூடாது. மீறப்படும் இடங்கள் பூட்டி முத்திரையிடப்படும். அட்டவணை நான்கைக் காண்க."

"அட்டவணை எங்கக்கா?" என்றாள்.

"அதெல்லாம் ஆபீஸ்ல இருக்கும். அது சும்மா வழக்கமா போடறது. நானே ஆயிரம் தடவை அடிச்சிருக்கேன்."

பொய் இல்லை. 'அட்டவணையைக் காண்க' என்று ஆயிரம் தடவைக்கு மேல் அடித்திருப்பேன். ஒரு தடவைகூட ஒரு அட்டவணையையும் எடுத்துக் கண்டதில்லை. அடிப்பதுதானே என் வேலை.

"பூட்டிடுவாங்களாக்கா?"

"முத்திரையே வைப்பாங்களாம், பார்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் வேலை செய்யக் கூடாதென்றால் அவள் பட்டறைக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். காலையில் போனால் இருட்டியபின்தான் வீடு. அவ்வளவு நேரமும் அந்த ஆறடி மனுஷர் தன் அரை நிமிஷங்களோடு தனியாகக் கிடக்க வேண்டும்.

"ஆபீஸ்ல போய்க் கேட்டுட்டு வரவா?" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? நீயா போய்த் தலையைக் குடுப்பியா? எந்த வீடு, என்ன தொழில்னு முதல்ல அதைத்தான் எழுதிப்பாங்க."

இப்படிச் சொன்னது நான். இந்தக் கதையில் வேறு யாரையும் குறை சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். கொல்லையில் இருக்கிற தகரக் கொட்டகைக்கு வேலையை மாற்று என்று சொன்னதும் நான்தான். பழைய சைக்கிள், உடைந்த நாற்காலி, பெயின்ட் டப்பா எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டு, என் கையாலேயே பெருக்கியும் கொடுத்தேன்.

மாமியார்கள் கோணிப்பையில் போனார்கள். அவர்களைத் தூக்கிக்கொண்டு கொல்லையைக் கடக்கும்போது, "ஆறு தலையைச் சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போறோம், யாராவது பார்த்தா கொலைக் கேஸ்தான்" என்றேன். வழக்கமாக அவள்தான் இப்படிப் பேசுவாள். அன்றைக்குச் சிரிக்கக்கூட இல்லை.

வீட்டின் பின்கதவிலிருந்து கொட்டகைக்கு முப்பது முப்பத்தைந்து அடி இருக்கும். டிரைவரையும் அங்கேயே உட்கார வைக்கலாமென்றால் தகரத்தின் சூடு அவருக்கு ஆகாது, சூட்டில் வலிப்பு சீக்கிரம் வரும். அதனால் ஒரு கயிறு கட்டினாள். அவர் கட்டிலின் தலைமாட்டில் தொடங்கி, சமையலறை ஜன்னல் வழியாக வெளியே வந்து, துணிக்கம்பத்தில் ஒரு வளையத்துக்குள் புகுந்து, கொட்டகைக்குள் வந்து முடியும் நைலான் கயிறு. முனையில் ஆறு எவர்சில்வர் ஸ்பூன்களைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டாள். வாசலில் யாராவது வந்தால் அவர் இரண்டு வெட்டு வெட்டி இழுக்க வேண்டும். விரல் மரத்துப்போனால் ஒரே நீள இழுப்பு. ஸ்பூன்கள் கலகலத்தால் ஓடுவாள். அந்த முதல் மாதத்தில் மூன்று தடவை ஓடினாள். மூன்று தடவையும் சரியாகப் போய்ப் பிடித்துவிட்டாள்.

பயம் என்பது ஒரு தடவை வீட்டுக்குள் வந்துவிட்டால் பிறகு அது சொல்கிறபடிதான் எல்லாம் நடக்கும். வாடிக்கையாளர்களை முன்வாசலுக்கு வராதே, பின் சந்து வழியாக வா என்றாள். ஒருத்தர் போய் அரை மணி கழித்துத்தான் அடுத்தவர். மணி அடிக்கக் கூடாது, விரலால் தகரத்தில் மெதுவாகத் தட்ட வேண்டும். முடியை அலசும் தண்ணீரைச் சாக்கடையில் விட மாட்டாள், அடைத்துக்கொண்டு யாராவது தோண்டிப் பார்த்தால் மாட்டிக்கொள்வோமாம். வாளியில் தூக்கிப்போய்ச் செடிக்கு ஊற்றினாள். வாசலில் ஒரே ஒரு நீள முடி கிடந்தாலும் குனிந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வாள். தெருவில் ஒரு ஸ்கூட்டர் வேகம் குறைந்தால் போதும், ஊசியைக் கீழே வைத்துவிடுவாள். சாப்பாடு இறங்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டாள்.

டிரைவர் ஒரு நாள் என்னிடம் சொன்னார். "அக்கா, எனக்கு வலிப்பு மாசத்துக்கு ரெண்டு தடவை. இவளுக்குத் தினமும் இருக்கு."

"விடுங்க தம்பி, கொஞ்ச நாள்ல எல்லாம் அடங்கிடும்" என்று நான் பெரிய மனுஷி போலச் சொன்னேன்.

அடங்கவில்லை. பின் சந்தில் ஒரு வீட்டு மாடியில் பொழுதன்றைக்கும் ஜன்னலிலேயே குடியிருக்கும் ஒருவர் உண்டு. நாங்கள் அவருக்கு வைத்த பேர் ஜன்னல்காரர். எத்தனையோ வருஷமாக முன்வாசல் வழியாகப் பகலில் வந்து போன பெண்களை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இப்போது தலையை மூடிக்கொண்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடமும் வலமும் பார்த்துவிட்டுக் கொல்லைக் கதவுக்குள் நழுவும் பெண்களைப் பார்த்தால் அவர் சும்மா இருப்பாரா? ஒரு வேலை கிடைத்த சந்தோஷத்தில் நகராட்சிக்கு எழுதிப் போட்டுவிட்டார். 'சந்தேகத்துக்கு இடமான நடமாட்டம்.' இது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

நகராட்சி ஆள் வந்தது ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு. நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு அட்டைக் கோப்பு, இடுப்பில் வட்டமான அளவு டேப். வீட்டு எண்ணை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே வந்தார். என் கையிலிருந்த துணி வாளியிலேயே விழுந்தது. படிக்கட்டில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் சந்தில் உடம்பை ஒருக்களித்து நுழைந்து கொட்டகைக்குள் போய் விழுந்தேன்.

"வந்துட்டான்."

அவ்வளவுதான் சொன்னேன். அவள் எழுந்து கதவைச் சாத்தி உள்ளே கொக்கியைப் போட்டாள். அவள் கையில் ஒரு பெண்ணுக்கான விக் முக்கால்வாசி முடிந்திருந்தது. மூத்த மாமியாரின் மேல் ஒரு துண்டைப் போட்டாள். யார் தட்டினாலும் திறக்க வேண்டாம் என்று டிரைவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். இரண்டு பேரும் தகரச் சூட்டில் தரையில் குந்திக்கொண்டோம்.

முன்வாசலில் தட்டும் சத்தம் கேட்டது. ஸ்பூன்கள் இரண்டு வெட்டு வெட்டிக் கலகலத்தன. அந்தச் சின்னக் கொட்டகையில் அது பாத்திரக்கடை சரிந்த மாதிரி கேட்டது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். நான் எட்டி அந்த ஸ்பூன் கொத்தைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். இனிமேல் சத்தம் வராது. சமயத்தில் மூளை எப்படி வேலை செய்கிறது பார் என்று என்னை நானே மெச்சிக்கொள்ளவும் செய்தேன்.

வாசலில் தட்டுவது நின்றது. வீட்டின் பக்கவாட்டில் செருப்புச் சத்தம். கொல்லைக்கே வந்துவிட்டார். தகரத்தின் ஓட்டை ஒன்றில் அவர் சட்டையின் நீலம் தெரிந்தது. "யாராவது இருக்கீங்களா?" என்றார். பத்தடி தூரம்கூட இல்லை. அவளுடைய மூச்சு கேட்கிறதா என்று பார்த்தேன். அவள் மூச்சே விடவில்லை.

அப்போதுதான் என் கைக்குள் கயிறு இழுத்தது.

வெட்டி இழுக்கவில்லை. ஒரே இழுப்பு. நீளமாக, விடாமல். ஸ்பூன்களின் காம்பு என் உள்ளங்கையில் பதிந்தது. அது என்ன இழுப்பு என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்த அளவுக்குத் தெரியும். ஆள் வந்திருக்கிற படபடப்பில் இழுக்கிறார், வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையைத் திறந்தால் சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால் பூட்டு, முத்திரை. நானும் சேர்ந்து மாட்டிக்கொள்வேன், பென்ஷன் வாங்குகிறவள். அந்த நேரத்தில் நான் நினைத்தது என் பென்ஷனைத்தான். கையை இன்னும் இறுக்கி மூடினேன்.

பிறகு கயிறு தளர்ந்தது. அதற்கப்புறம் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நாற்காலி உருளும் சத்தம், அதன் மேல் இன்னும் கனமாக ஒன்று விழும் சத்தம்.

அவள் யோசிக்கவே இல்லை. மடியிலிருந்த விக் ஒரு பக்கம் போயிற்று. கொக்கியை எடுக்காமலே கதவைத் தள்ளினாள், கொக்கி பிய்த்துக்கொண்டு வந்தது. சேலையெல்லாம் முடியாக, கையில் ஊசியோடு, அந்த ஆபீசர் நின்ற இடத்தைத் தாண்டி அவர் அங்கே இருப்பதே தெரியாதவள் போல ஓடினாள். எதற்காக ஒன்றரை மாதம் ஒளிந்து கிடந்தாளோ, அதற்காகவே வெளியே ஓடினாள். நான் கொட்டகையிலேயே இருந்தேன். கால் வரவில்லை என்று சொல்லலாம். வந்திருந்தாலும் போயிருப்பேனா என்று எனக்கு நிச்சயமில்லை.

நான் உள்ளே போனபோது டிரைவர் தரையில் பக்கவாட்டில் கிடந்தார். இழுப்பு அடங்கிக்கொண்டிருந்தது. கட்டில் விளிம்பில் அடிபட்டு இடது புருவம் கிழிந்து முகமெல்லாம் ரத்தம். அவள் அவர் தலையை மடியில் தாங்கியிருந்தாள். அந்த ஆபீசர் முட்டிபோட்டு அவர் தோளைப் பிடித்திருந்தார். நீலச் சட்டையின் கை முழுக்க ரத்தம்.

"வாயில எதுவும் வைக்காதீங்க சார். அப்படியே பக்கமாவே இருக்கட்டும்" என்று அவள் சொல்ல, அவர் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

டிரைவருக்கு நினைவு திரும்பி, துணியை வைத்துக் காயத்தை அழுத்திய பிறகு, ஆபீசர் ஒன்றும் கேட்பதற்கு முன்பே அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "நான்தான் சார் செய்யறேன். விக் கட்டறேன். வீட்டுல செய்யக் கூடாதுன்னு தெரியும். பூட்டிக்குங்க. ஆனா இவரைத் தனியா விட்டுட்டு என்னால எங்கயும் போக முடியாது சார்."

அவருக்குப் புரியவில்லை. "யாரும்மா செய்யக் கூடாதுன்னு சொன்னது?"

"தாள்ல போட்டிருந்ததே சார்."

அவர் கோப்பைத் திறந்தார். உள்ளே இருந்து இரண்டு பக்கத் தாள் ஒன்றை எடுத்தார். மேலே கொட்டை எழுத்தில் 'அட்டவணை நான்கு'. குடியிருப்பவர் தாமே செய்யும் கைத்தொழில். வீட்டுக் கட்டடத்துக்குள், தரைப்பரப்பில் கால் பங்குக்கு மிகாமல். சத்தம், புகை, நாற்றம் கூடாது. பெயர்ப்பலகை கூடாது. வெளியாளை வேலைக்கு வைக்கக் கூடாது. வருகிறவர்கள் ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் போகாமல் முன்வாசல் வழியாக வந்து போகலாம். அனுமதி எதுவும் தேவையில்லை.

டேப்பை எடுத்து முன் அறையை அளந்தார். கால் பங்கு வரவில்லை, அதற்கும் குறைவு. பிறகு கொல்லைக்குப் போய்க் கொட்டகையைப் பார்த்தார். துண்டை விலக்கி மூத்த மாமியாரைக் கண்டதும் ஒரு அடி பின்வாங்கினார்.

"கொட்டகையில மட்டும் செய்யக் கூடாதும்மா. தனிக் கட்டடத்துல தொழில் பண்றதுக்கு விதி இடம் குடுக்கல. பின்வழியா ஆளுங்க வரதும் கூடாது. பதினாலு நாளுக்குள்ள காலி பண்ணிடுங்க."

"அப்ப நான் எங்க சார் செய்யறது?"

"முன்னாடி எங்க செஞ்சீங்க?"

"முன் ரூம்ல."

"அங்கயே செய்யுங்க. அதை யாரு வேண்டாம்னா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை. அவர் கொடுத்த அந்த இரண்டு பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவருக்குப் புருவத்தில் ஐந்து தையல். காயம் ஆறிவிட்டது, தையல் போட்ட இடத்தில் முடி முளைக்கவில்லை. அவள் விரல் நகம் அகலத்துக்கு வலை வெட்டி, அவர் தலைமுடியையே எடுத்து, ஒவ்வொன்றாகக் கோத்து ஒரு துண்டுப் புருவம் செய்தாள். ஒரு தடவை ஒட்டிப் பார்த்துவிட்டு, "அரிக்குது, இருந்துட்டுப் போகட்டும் விடு" என்று அவர் எடுத்துவிட்டார். இப்போது அது கடைசி நாத்தனாரின் நெற்றியில் குத்தியிருக்கிறது. நான் முன் அறைக்குள் நுழைந்தால் முதலில் அதுதான் கண்ணில் படும், அடுத்தது அவர் முகம்.

மாமியார்களையெல்லாம் முன் அறைக்குத் திருப்பிக் கொண்டுவந்த அன்று அவள் கயிற்றையும் அவிழ்த்தாள். நான் கூடமாட நின்றுகொண்டிருந்தேன். ஸ்பூன்களைத் தனியாக எடுத்துக் கழுவப் போட்டாள். கயிற்றைச் சுருட்டவில்லை. கட்டில் முனையிலிருந்து தொடங்கி, இரண்டு விரலுக்கு நடுவில் கயிற்றை விட்டுத் தடவிக்கொண்டே வந்தாள்.

"என்ன பார்க்கற?" என்றேன்.

"அவரு நல்லா நீளமா இழுத்தேன்னு சத்தியம் பண்றாருக்கா. ஸ்பூன் சத்தமே கேக்கலையே நமக்கு. எங்கயோ சிக்கியிருக்கு."

முப்பத்தோரு வருஷம் மற்றவர்கள் சொன்னதை அடித்தே பழகியவள் நான். எனக்காக ஒரு வரி சொல்ல வேண்டிய இடத்தில், "ஆமா, சிக்கியிருக்கும்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். ஜன்னல் கம்பியில் உரசிய இடத்தைப் பார்த்தாள், துணிக்கம்பத்து வளையத்துக்குள் விரலை விட்டுத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மறுபடியும் கட்டில் முனைக்குப் போய் முதலிலிருந்து தடவ ஆரம்பித்தாள்.

"எங்கயும் சிக்கினாப்ல தெரியலையேக்கா" என்றாள்.